ஜன்னலுக்கு வெளியே ஒரு சிவப்புக் கப்பல்

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம். நாற்காலியோட கால் டேப்புக்குள்ள இருக்கணும்," என்றார் லொரீன்.

நகர்த்தினேன். தரையில் ஒட்டியிருந்த நீல டேப்புக் குறிகளுக்குள் நாற்காலியின் கால்கள் அடங்கின.

இது ஆரின் என்பவர் உட்கார்ந்த இடம். நவம்பரில் அவர் இறந்த பிறகு யாரும் இங்கே உட்காரவில்லை.

எனக்கு எதிரே, ஜன்னலோரம், அவருடைய மனைவி அடேல். மடியில் ஒரு வெண்கலக் கிண்ணம். இமைகள் தாழ்ந்திருந்தன. அவருக்கும் தரையில் டேப்புக் குறிகள் உண்டு. குனிந்து பார்க்காமலே வெறும் கால்விரலால் விளிம்பைத் தடவி, சரியான இடத்தில் பாதங்களை வைத்துவிட்டார். பல வருடப் பழக்கம்.

லொரீன் அடேலின் தங்கை. அடேலைத் தவிர வேறு யாரையும் அவர் வரைந்ததில்லை. பழைய டச்சு ஓவியங்களில் வருவது போல ஓர் அறை, பக்கவாட்டில் விழும் வெளிச்சம், கண் தாழ்த்திய ஒரு பெண். எல்லாம் எண்ணெய் வண்ணம். பார்க்கிறவர்கள் 'தனிமை' என்று ஒரே வார்த்தை சொல்வார்கள்.

அந்தப் பெண்ணுக்கு எதிரே, கேன்வாஸுக்கு வெளியே, எப்போதும் ஆரின் இருந்தார் என்பது இந்த டுலூத் ஊரில் சிலருக்குத்தான் தெரியும். துறைமுகத்தில் கப்பல்களில் இரும்புத்தாது ஏற்றி ஓய்வு பெற்றவர். இங்கே உட்கார்ந்து, கடல் போல விரிந்த ஏரியைப் பார்த்தபடி, என்ன கப்பல் வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். அடேல்தான் தலையைத் திருப்பக் கூடாதே.

இப்போது கேன்வாஸில் கைகள் இருந்தன, கிண்ணம் இருந்தது, நீல உடையின் மடிப்புகள்கூட இருந்தன. முகம் இல்லை.

குளிர்காலம் முழுக்க லொரீன் அதை வரைந்தார், துணியால் துடைத்தார், மறுபடி வரைந்தார். ஆரினின் குரலுக்குப் பதிலாக ரேடியோ வைத்துப் பார்த்தார்கள். வானிலை அறிக்கைக்கு யாருடைய முகமும் திறப்பதில்லை. லொரீனால் வரையும்போது பேச முடியாது, பல்லிடுக்கில் எப்போதும் ஒரு பிரஷ் இருக்கும்.

இப்போது அதைக் கையில் எடுத்தார்.

"மூஞ்சியப் பாரு. கடை சாத்தின மாதிரி வெச்சிருக்கா."

"உனக்கு வரைய வரலைன்னு சொல்லேன்," என்றார் அடேல், உதடு அசையாமல்.

லொரீன் சிரிக்கவில்லை. "இன்னைக்கும் வரலைன்னா விட்டுடறேன்க்கா. இந்தப் படத்தை மட்டுமில்ல. இனிமே உன்னை உட்கார வைக்கவே மாட்டேன்."

அடேலின் கட்டைவிரல் கிண்ணத்தின் விளிம்பில் ஒருமுறை நகர்ந்து நின்றது. ஆரின் போன பிறகு அவர் வீட்டைவிட்டு வெளியே வருவது இங்கே வருவதற்கு மட்டும்தான்.

நான் லொரீனின் வீட்டு மாடியில் குடியிருப்பவள். ஏரித் தண்ணீரைப் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை. சும்மா உட்கார்ந்தால் போதும் என்று லொரீன் சொன்னதால்தான் ஒப்புக்கொண்டேன். யாரிடமும் பேச வேண்டியிருக்காது என்று நினைத்தேன்.

பிரஷ் உரசும் சத்தம். டர்பன்டைன் வாசனை.

"என்ன வருது?" என்றார் அடேல்.

ஜன்னலைப் பார்த்தேன். மூடுபனி. ஏரி இல்லை, தூக்குப் பாலம் இல்லை, எதிர்வீடுகூட இல்லை.

"பனி," என்றேன். "ஒண்ணும் தெரியல."

அடேலின் முகத்தில் ஏதோ இறங்கியது. லொரீன் பெருமூச்சு விட்டுத் துணியை எடுத்தார். அது கேன்வாஸை நோக்கிப் போனது.

"கப்பல்," என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கண்ணால் பார்க்காத எதையும் நான் அதுவரை எழுதியதில்லை, சொன்னதுமில்லை.

"என்ன நிறம்?"

"சிவப்பு. கீழ எல்லாம் துரு."

"சரக்கு இருக்கா?"

"இருக்கு. நல்லா அமுங்கித்தான் வருது." பிறகு தானாகவே வந்தது. "மேல்தளத்துல ஒருத்தன் துணி காயப் போடறான்."

"இந்தக் குளிர்லயா? கிறுக்கன்."

"சட்டை விறைச்சு நிக்குது. அதோட கையைப் பிடிச்சுக் குலுக்கறான்."

அடேல் சிரிக்கவில்லை. இமைகள் அப்படியே தாழ்ந்திருந்தன. ஆனால் கடை திறந்துவிட்டது.

"நிறுத்தாதே," என்றார் லொரீன், என்னைப் பார்க்காமல்.

நான் நிறுத்தவில்லை. அந்த ஆளுக்கு ஒரு நாயைக் கொடுத்தேன். பாலத்தைத் தூக்கினேன். கப்பலைத் துறைக்குள் விட்டுவிட்டு, ஏரியின் அந்தக் கோடியிலிருந்து இன்னொன்றை வரவழைத்தேன்.

வெளிச்சம் மாறியபோது லொரீன் பிரஷைக் கீழே வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டதில் மூக்கெல்லாம் நீலம்.

அடேல் எழுந்தார். நாற்காலிக்கு அடியில் கைவிட்டுத் தன் வெள்ளைக் கோலை எடுத்தார். தரையைத் தட்டிக்கொண்டே வந்து, கோலின் நுனி ஓவியம் நின்ற ஸ்டாண்டைத் தொட்டதும் நின்றார்.

"பெயின்ட் காயலக்கா. கை வெச்சுடாதே."

"தெரியும்டி." அடேல் என் பக்கம் திரும்பினார். "பனி நாள்ல கப்பல் ஊதிக்கிட்டேதான் வரும், பொண்ணே. உன் கப்பல் ஒண்ணுகூட ஊதல. ஆரினா இருந்தா வாயாலயே ஊதியிருப்பாரு."

என் காதுகள் சூடாயின.

"சரி, விடு. இதுல நான் எப்படி இருக்கேன்? இதையாவது உண்மையாச் சொல்லு."

படத்தைப் பார்த்தேன். ஜன்னல். வெளிச்சம். கண் தாழ்த்திய பெண். என் முழங்கால் தொடங்குவதற்குள் கேன்வாஸ் முடிந்துவிட்டிருந்தது.

"தனியா இருக்கீங்க," என்றேன்.

அடேல் கையை நீட்டித் தேடி, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"மறுபடியும் புளுகு," என்றார்.