பூட்டிய கட்டம்

கையால் நிரப்பிய படிவம் செல்லாது என்றாகிப் பத்து வருடமாகிறது. எங்கள் ஆலையில் விபத்துப் படிவம் தானாக நிரம்பும்படி நிரல் எழுதியவள் நான். 'காரணம்' கட்டத்தில் எப்போதும் 'சொந்தக் கவனக்குறைவு' என்றே விழ வேண்டும், யாரும் திருத்தக் கூடாது என்றவர் மேலாளர் வரதராஜன். அப்படி விழுந்தால் வேலை போகும். என் அண்ணனுக்குத்தான் முதலில் கையோடு வேலையும் போனது.

இன்று தகடு அழுத்தும் பிரஸ்ஸைச் சோதிக்கப் போன வரதராஜனின் வலது கை நசுங்கியது. படிவத்தில் அவர் கைரேகை விழுந்தால்தான் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன்.

"மெஷின் பழுதும்மா. காரணத்தை அப்படி மாத்து."

"அந்தக் கட்டம் திறக்காது சார். நீங்க பூட்டச் சொன்னது."

"ரேகை வைக்கக் கை இல்லையேம்மா."

திரையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"இடது பெருவிரல் போதும் சார். எங்க அண்ணன்கிட்டயும் அதைத்தான் வாங்கினீங்க."