காய்ந்த பிடி

மழை சற்றே விட்டிருக்கிறது. புத்தூர்த் தோட்டவெளி முழுக்கப் பச்சைப் புல் தளதளவென்று நிற்க, கொட்டிலில் நிற்கும் எட்டு மாதப் பசுக்கன்று அதைப் பார்த்துக் கயிற்றை இழுக்கிறது. மாரிப் புல்லில் தண்ணீர்தான் அதிகம். வளர்கிற கன்று அதை மட்டும் தின்றால் வயிறு கழியும். சுகிர்தமலர் வைக்கோல் போருக்குள் தோள்வரை கையை விட்டு ஒரு பிடி இழுக்கிறாள், மூக்கில் வைத்து மணக்கிறாள், எறிகிறாள். அடுத்த பிடியையும் எறிகிறாள். கணவன் நவநாதன் அதைப் பொறுக்குகிறான்.

“உது காய்ஞ்சுதானே கிடக்கு?”

“மணந்து பாருங்கோ. பூஞ்சணம். போன மாரியிலை உதைத் திண்டுதானே மற்றக் கண்டுக்குட்டி செத்தது.”

அன்று அதை அள்ளிப் போட்டவன் அவன்தான். கையிலிருந்ததைத் தூர எறிந்துவிட்டு அவனும் போருக்குள் கையை விடுகிறான். இருவருமாக மணந்து மணந்து சேர்க்க எட்டுக் கட்டுத் தேறுகிறது. அறுவடை வெயில் இன்னும் அதில் மணக்கிறது. அவள் நீட்டிய முதல் பிடியைக் கன்று கண்ணை மூடிக்கொண்டு அரைக்கிறது. கிழக்கே மறுபடி கறுக்கிறது.

“கொட்டில் ஒழுகுது. இதை எங்கை வைக்கிறது?” என்று கேட்கிறாள்.

அவன் கட்டுகளை அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் போகிறான். அவள் கன்றின் நெற்றியைத் தடவிவிட்டு, பின்னால் போய் அறைவாசலில் நிற்கிறாள். அவர்களுடைய கட்டில் முழுக்க வைக்கோல். நவநாதன் கீழே பாயை விரித்து, இரண்டு தலையணைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கிறான்.