மூன்று துளைகள் பாக்கி

பச்சைப் பொத்தானில் விரலை வைத்தாள்.

அழுத்தவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால், இயந்திரத்தின் பிடியில் ஓர் அலுமினியக் கட்டி. ஒன்பது நிமிடம் ஓடினால் இன்னொன்று தயார்.

"ஏனம்மிணி, நின்னுட்டே?" பின்னாலிருந்து சென்னியப்பன் கேட்டான்.

புருஷன் பெண்டாட்டி இருவரும் கோயம்புத்தூரில் ஒரே பம்புப் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். கல்யாணம் முடிந்து அமெரிக்கா வந்து, பதினோரு வருடத்தில் சொந்தமாக இந்தப் பட்டறை. ஆர்டர் பிடிப்பது அவன். உலோகத்தை வெட்டும் கட்டர் எந்தப் பாதையில் போக வேண்டும் என்று கணினியில் எழுதுவது அவள்.

வாசலில் இந்த ஆர்டரைக் கொடுத்த கர்ட்டிஸ் நின்றிருந்தான். அவனுடைய பிக்கப் வண்டியின் பின்கதவு திறந்தே கிடந்தது.

அவன் கொண்டுவந்த வரைபடத்தில் மூன்று துளைகளைச் சிவப்பு மையால் அடித்திருந்தது. அவற்றை மட்டும் விட்டுவிட வேண்டும்.

முதல் நாளே அவள் சென்னியப்பனிடம் கேட்டாள்.

"ஏனுங்க, இந்த ஓட்டையெல்லாம் ஆரு போடுவாங்க?"

"வாங்கறவங்க வூட்ல போட்டுக்குவாங்க. நமக்கென்ன?"

அரைகுறையாக ஒரு வேலையை அனுப்பி அவளுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் எழுதிக் கொடுத்தாள்.

போன மாதம் மாநிலச் சட்டமன்றத்தில் விசாரணை. விசையை இழுக்க இழுக்கச் சுட்டுக்கொண்டே இருக்கும் ரைபிள்களை இனி விற்கக் கூடாது, வீட்டில் செய்யவும் கூடாது என்று ஒரு மசோதா. சாப்பாட்டு வேளையில் அலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உறுப்பினர் ஒருத்தி எழுந்து அந்த ரைபிளின் பாகம் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

இதற்குப் பதிவு எண் கிடையாது. இதை வாங்க அடையாள அட்டை வேண்டாம். மூன்று துளை போடும்வரை சட்டத்துக்கு இது துப்பாக்கியே இல்லை.

கேமரா அருகில் போனது.

நான்கு மூலைகளிலும் அரை மில்லிமீட்டர் மழுக்கியிருந்தது. எந்த வரைபடமும் அதைக் கேட்பதில்லை. எடுப்பவர் கையைக் கிழிக்கக் கூடாதென்று, தன் கையிலிருந்து போகும் எல்லாப் பாகத்துக்கும் அவள் செய்வது.

உறுப்பினருக்குப் பக்கத்தில் ஒருவர் மடியில் ஒரு பள்ளிப் பையோடு உட்கார்ந்திருந்தார். மகனைப் பறிகொடுத்தவர் என்று திரையின் கீழே எழுத்து ஓடியது.

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

அன்று மாலை வண்டியில் சென்னியப்பனிடம் சொன்னாள். ரோட்டைப் பார்த்தபடியே அவன் பதில் சொன்னான்.

"சட்டப்படி அது துப்பாக்கி இல்ல அம்மிணி. மூணு ஓட்டை பாக்கியிருக்குது."

"அந்த மூணு ஓட்டைய உட்டதே நாந்தானுங்க."

சென்னியப்பன் ரேடியோவைப் போட்டான்.

சட்டம் வந்தால் எல்லாம் தானாக நின்றுவிடும் என்று அவள் காத்திருந்தாள். ஒரு மாதம். அந்த ஒரு மாதமும் அவள் விரல்தான் பொத்தானை அழுத்தியது.

செவ்வாய்க்கிழமை ஆளுநர் கையெழுத்துப் போட்டார். வெள்ளி முதல் தடை.

இன்று வியாழன்.

சாயங்காலத்துக்குள் எத்தனை முடியுமோ அத்தனையும் வேண்டும் என்று கர்ட்டிஸ் காலையிலேயே வந்துவிட்டான். முடிந்தவை ஒரு தட்டில் வரிசையாக இருந்தன. முப்பது.

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

தட்டைத் தூக்கினாள். கர்ட்டிஸ் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான்.

அவள் அவனைத் தாண்டிப் போனாள்.

மூலையில் உலோகம் அறுக்கும் பட்டை ரம்பம். முதல் பாகத்தைப் பிடியில் வைத்து இறுக்கினாள். ரம்பம் இறங்கியது. பட்டறை முழுக்கக் கிறீச்சென்றது. பாகம் இரண்டாக விழுந்தது.

சென்னியப்பன் ஓடி வந்தான். "உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது?"

இரண்டாவதை வைத்தாள்.

கர்ட்டிஸ் கத்தவில்லை. பக்கத்தில் வந்து, பிள்ளைக்குப் புரியவைப்பதுபோல ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னான். "மேடம், சட்டம் நாளைக்குத்தான். இன்றைக்கு உங்களை யாரும் தடுக்கவில்லை."

அவள் ரம்பத்தை நிறுத்தினாள். அவன் காதில் விழ வேண்டும் என்பதற்காக மட்டும்.

"நான் தடுக்கிறேன்."

மறுபடி ஓட விட்டாள்.

இந்தச் சுற்றுவட்டாரத்தில் இனி ஒருவன் உங்களுக்கு வேலை தர மாட்டான் என்றான் கர்ட்டிஸ். அதை அவளிடம் சொல்லவில்லை. சென்னியப்பனிடம் சொன்னான். நான்காவது துண்டு விழும்போது பிக்கப் கிளம்பும் சத்தம் கேட்டது.

சென்னியப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தான். தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். பதினோரு வருடத்தையும் அந்தச் சிமெண்டுத் தரையில் தேடுவதுபோலக் குனிந்திருந்தான்.

அவள் ஒருமுறை அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

கை நிற்கவில்லை.

எட்டு. ஒன்பது. அலுமினியத் தூள் கண்ணிமையில் ஒட்டியது. துடைத்தால் உறுத்தும் என்று அப்படியே விட்டாள்.

பதினேழாவது பாகம் பாதியில் இருக்கும்போது ரம்பத்தின் பட்டை அறுந்தது.

பட்டறை அமைதியானது.

அறுந்த பட்டையை உருவ முயன்றாள். வரவில்லை. விரல் நுனியில் ரத்தம் துளிர்த்தது. மீதிப் பதின்மூன்றும் தட்டில் முழுதாக இருந்தன. கர்ட்டிஸ் இருட்டுவதற்குள் ஆள் கூட்டிக்கொண்டு திரும்பி வரலாம். இன்னும் வியாழக்கிழமைதான்.

ஸ்டூல் நகர்ந்த சத்தம்.

அலமாரிக் கதவு திறந்தது.

அவள் திரும்பவில்லை.

சென்னியப்பன் அவள் தோளை ஒதுக்கிவிட்டுக் குனிந்தான். அறுந்த பட்டையைக் குறடால் இழுத்து எடுத்தான். புதியதைச் சக்கரங்களில் மாட்டினான். இழுவை சரியா என்று கட்டைவிரலால் இரண்டு முறை தட்டிப் பார்த்தான். எப்போதும் போல.

பிறகு போய் வாசல் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு வந்தான்.

தட்டிலிருந்து அடுத்ததை எடுத்து அவளிடம் நீட்டினான்.

அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.