எட்டாவது சுரம்
பிளாஷ் எழுதிய டெர்மினல் புரோகிராமில் ஒலியே கிடையாது. கட்டளை தட்டும் கறுப்புத் திரை, அவ்வளவுதான். அடுத்தவர் எழுதிய நிரலை இரவல் வாங்க அவனுக்குப் பிடிக்காது. அவன் இறந்த மறுவருடம், மரிபோர் நகரத்து வீட்டில், மனைவி தடேயா அதே பிடிவாதத்தோடு ஒவ்வொரு சுரத்தின் ஒலி அலையையும் தானே கணக்கிட்டு, அந்தப் புரோகிராமில் இசையைச் சேர்த்தாள். ஞாயிறு காலை ஏழு சுரங்களை அனுப்பிப் பார்த்தாள். எட்டு ஒலித்தன.

காபியோடு வந்த நாத்தனார் நேஷ்கா அப்படியே நின்றாள். "அண்ணி, கடைசியில இப்படி இழுத்து விசிலடிக்கிறது எங்கண்ணனாச்சே!"

"ஏழுதான் அனுப்பினேன், நேஷ்கா."

"அப்ப ஏதோ பிழை. சரி பண்ணிடுங்க."

"பண்ணலாம். அவசரமில்ல."

நேஷ்கா போனபின் தடேயா ஏழு சுரங்களையும் அழித்துவிட்டு, வெற்று வரியை அனுப்பினாள். ஒலிபெருக்கியில், விசிலடிக்கும் முன் ஒருவர் மூச்சை இழுத்துக்கொள்ளும் ஓசை கேட்டது.