மூளைக்குள் ஒரு பிரேக்

மோட்டார் சைக்கிள் சாவிக்காக ஒரு வாரமாகக் கெஞ்சிப் பார்த்துவிட்டான் சுந்தரலிங்கம். அவன் அம்மா கஸ்தூரியம்மாள் மசியவில்லை.

“ஆத்தா, இன்னைக்கு வேலையில மொத நாளு. நாலு பேரு பாப்பாக.”

“ரேடியோவுல டாக்டர் சொன்னாக. மனுச மூளையில ஆக்சிலேட்டரு பதினாலு வயசுலயே வந்துருதாம். பிரேக்கு மட்டும் இருபத்தஞ்சுலதேன் வருதாம். ஒனக்கு இன்னும் பதினோரு மாசம் கெடக்கு.”

“எனக்கு முன்னாடியே வந்துருச்சுத்தா.”

“பிரேக்கு இல்லாத பயக பூராம் இப்படித்தேன் சொல்லுவாங்கெ. ஏறுலே பின்னால!”

மொபெட்டில் அவனை ஏற்றிக்கொண்டு, தேனி கடைவீதியில் மாட்டுவண்டிக்கெல்லாம் வழிவிட்டு வழிவிட்டு ஓட்டினாள். சுந்தரலிங்கம் கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்க நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். மொபெட்டிலிருந்து காக்கிச் சட்டை இறங்கியதும் அத்தனை பேரும் விறைத்து நிமிர்ந்தார்கள்.

“வணக்கம் இன்ஸ்பெக்டர் சார்!”

அசடு வழிந்தபடி ஆபீசுக்குள் போனவன், விண்ணப்பக் கட்டோடு திரும்பி வந்தபோது வரிசையில் மூன்றே பேர் நின்றார்கள். மூவருக்கும் தலை நரைத்திருந்தது. கஸ்தூரியம்மாள் மொபெட்டில் போய்க்கொண்டிருந்தாள்.

“மத்தவுகளெல்லாம் எங்கய்யா?”

“அந்தம்மா ஒவ்வொருத்தரா வயசு கேட்டாக சார். இருபத்தஞ்சு முடிஞ்சப்பறம் வாங்கன்னு அனுப்பி வச்சுட்டாக.”

“அவுக சொன்னா போயிருவாகளா?”

“உங்களையே பின்னால உக்கார வச்சுக் கூட்டியாந்தாகள்ல? பெரிய ஆபீசரம்மான்னு நெனச்சுட்டாக சார்.”