திருமுருகனின் கைவேலை

அம்பத்தூரில் திருமுருகனின் பைக் உதிரிபாகக் கடை. நான்காவது ஜோடி ஹேண்டில் கிரிப்பையும் தள்ளிவைத்தார் நஜீர்.

"இன்னா பாய், எதுவுமே புடிக்கலியா?"

"கிரிப் வேணாம்ணே. ஆக்சிலரேட்டர்ல மாட்டிக்கிட்டு உள்ளங்கையால அழுத்துவாங்களே, அந்த பிளாஸ்டிக் தட்டு. இதே மாதிரி வேணும்." பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார்.

திருப்பிப் பார்த்த திருமுருகன் சிரித்துவிட்டார். "அட, இது என் கைவேலை பாய்! வழுக்காம இருக்க உள்ள சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டிகீறேன் பாரு. வேற எந்தக் கடையிலயும் கெடைக்காது."

"எத்தனை பேருக்குச் செஞ்சீங்க?"

"என் புள்ள பிரசன்னாவுக்கு மட்டுந்தான். மணிக்கட்டு வலி அவனுக்கு. போன வெள்ளிக்கிழமை எங்கியோ தொலைச்சிட்டு வந்தான், அன்னிக்கே புதுசு போட்டேன். உன் கைக்கு எப்டி வந்துது?"

"சொல்றேன். அந்த வண்டியில எப்டி மாட்டியிருக்குன்னு பாக்கலாமா?"

வியாபாரம் படியப்போகிற குஷியில் திருமுருகன் போன் போட்டார். "டேய், ஊட்லதான கீற? வண்டிய எடுத்துகினு கடைக்கு வா!"

நஜீரும் தன் போனை எடுத்தார். "இன்ஸ்பெக்டர் சார், வண்டி கெடைச்சிடுச்சு."

"இன்ஸ்பெக்டரா? எதுக்கு பாய்?"

"வெள்ளிக்கிழமை அயனம்பாக்கம் ஏரிக்கரை ரோட்டுல என் பொண்டாட்டி ராபியாவ ஒருத்தன் இடிச்சிட்டு நிக்காமப் போய்ட்டான். அங்கயே உயிர் போய் மௌத்தாயிட்டா. பக்கத்துல இதுதான் கெடந்துச்சு."

வராதே என்று சொல்ல, மறுபடி போனைத் தட்டினார் திருமுருகன்.

ரிங்டோன் வாசலில் கேட்டது.

"இன்னா நைனா, கூப்ட்டியே?" என்றபடி பைக்கை நிறுத்தினான் பிரசன்னா.