நெஞ்சைப் பிடித்துச் சிரித்தவர்

கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சரிந்தார். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

"ஐயோ, என்னங்க!" தலையில் கவிழ்த்திருந்த சல்லடை உருண்டோட, அவள் பாய்ந்து வந்தாள்.

"சிரிப்பு... சிரிப்புதான்டி! அந்தக் கம்பத்துல இன்னொரு தடவை முட்டிக் காட்டு!"

அன்று காலை ஓட்டுநர் தேர்வில் மகள் காரைக் கொண்டுபோய்க் கம்பத்தில் முட்டியிருந்தாள். முன்பென்றால் வீடே இழவு வீடாகியிருக்கும். இப்போது அம்மாவே காராகவும் கம்பமாகவும், சல்லடையைத் தொப்பியாக்கி மீசையை முறுக்கும் தேர்வு அதிகாரியாகவும் நடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணும் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலம்மா!" என்ற மகளும் அழுகையை மறந்து சிரித்துவிட்டாள்.

அக்கம்பக்கத்தார் அம்மாவுக்கு வைத்திருந்த பெயர் பூட்டக்கா. கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், மறுபடி ஓடி வந்து இழுத்துப் பார்க்கிறவள். அவளிடம்தான், போன கோடையில் இருவரும் பரிசோதனை செய்துகொண்டு வந்த மறுநாள், கணவர் மென்று விழுங்கிச் சொன்னார்: "எனக்கு ரத்த அழுத்தம் கூடியிருக்காம். மனசு லேசா இருந்தா இதயமும் லேசாயிடும்னு டாக்டர் சொன்னாங்க."

அன்றிரவு தலையணை நனைய அழுதாள். விடிந்ததும் சட்டம் போட்டாள். கெட்ட செய்தி வாசலோடு சரி. உப்பு டப்பா பரண்மேல் ஏறியது. மாலையானால் இருவரும் கைகோத்து நடந்தார்கள்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சொல்வாங்க. என் வயிறு என்ன குப்பைத்தொட்டியா?"

"பேசாம சாப்பிடுங்க. நானும் அதைத்தானே தின்னுட்டிருக்கேன்?"

இன்றைக்கு அவரை எப்படிச் சிரிக்க வைப்பது என்று யோசித்து யோசித்து, பூட்டை இழுத்துப் பார்க்கவே மறந்துபோனாள்.

ஓட்டுநர் தேர்வுக்கு மறுநாள் மறுபரிசோதனை. டாக்டரம்மா கணவரோடு பள்ளியில் படித்தவர். முதலில் அவர் கையிலும், பிறகு இவள் கையிலும் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார்.

"டாக்டர், எனக்கு இவர் வேணும். எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லுங்க."

"எல்லாம் சரியாயிடுச்சும்மா. இதே மாதிரி சிரிச்சுக்கிட்டே இருங்க!"

அவ்வளவுதான். அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினாள். கணவரின் கன்னத்தைக் கிள்ளினாள். "பார்த்தீங்களா? சிரிக்க வெச்சே உங்களைக் குணமாக்கிட்டேன்!"

டாக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் நண்பரைப் பார்த்தார். "என்னப்பா, இன்னுமா சொல்லல?"

கிள்ளிய கை அப்படியே நின்றது. "என்ன சொல்லல?"

கணவர் மெதுவாகக் கன்னத்தை விடுவித்துக்கொண்டு, அடி எட்டாத தூரத்துக்கு நாற்காலியைத் தள்ளிப் போட்டார்.

"அழுத்தம் கூடியிருந்தது உனக்குத்தான்டி! 'கவலைப்படாதே'ன்னு சொல்லியிருந்தா, அதுக்கும் சேர்த்துல்ல கவலைப்பட்டிருப்பே!"